லண்டன் ஃபுட்பால் அகாடமிக்கு 32 லட்சம் கட்டும் முன்

பெரம்பூரிலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகன் பிளஸ் டூ, காமர்ஸ் குரூப். வியாசர்பாடிப் பக்கம் ஒரு கிளப்பில் லெஃப்ட் பேக் (இடது பக்கத் தடுப்பாட்டம்) ஆடுகிறான். லண்டனில் இருக்கும் பெரியப்பா, ஃபுட்பால் அகாடமியோடு சேர்ந்த டிகிரி ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறார். மூன்று வருஷத்துக்கு 32 லட்சம். ஆட்டத்தைப் பார்த்து ஏதாவது ஒரு கிளப் தானே வொர்க் பெர்மிட் எடுத்துக் கொடுத்துவிடும் என்பது அவர் கணக்கு. கன்சல்டன்சிக்கு 50,000 ரூபாய் அட்வான்ஸ் போய்விட்டது. மீதிக்கு வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன். வேண்டாம் என்றால் பையன் வாழ்க்கையைக் கெடுத்த பழி தனக்கு வந்துவிடுமோ என்று பயப்படுகிறார். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், ஒரு வரி: கிளப்பில் எல்லாப் பசங்களின் ரெஜிஸ்ட்ரேஷன் வேலையையும் கோச் இவனிடம்தான் கொடுக்கிறார், படிக்கிற நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று.

ஐயா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் பணம் கட்டும் தேதி நெருங்கிவிட்டது. அதனால் நேராகவே சொல்கிறேன், அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். உங்கள் அண்ணன், பையன் மேல் இருக்கும் பாசத்தில்தான் சொல்கிறார், அதில் சந்தேகமில்லை. வொர்க் பெர்மிட் எப்படிக் கிடைக்கிறது என்பதில்தான் அவர் கணக்கு தவறு.

இங்கிலாந்தில் ஒரு கிளப்புக்கு ஆளைப் பிடித்துவிட்டது என்பதற்காக வெளிநாட்டு ஆட்டக்காரரைச் சேர்த்துக்கொள்ள முடியாது. விசாவுக்கு முன்னால் இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். பிரெக்சிட்டுக்குப் பிறகு, 2021 ஜனவரியிலிருந்து, அது புள்ளிக் கணக்கு. 15 புள்ளி தேவை. பிஃபா தரவரிசையில் முதல் 50 இடத்துக்குள் இருக்கும் நாட்டுக்காரராக இருந்து, கடந்த 24 மாதங்களில் நாட்டு அணியின் ஆட்டங்களில் குறிப்பிட்ட சதவீதம் ஆடியிருந்தால் புள்ளி எண்ணாமலே அனுமதி. முதல் 10 நாடு என்றால் 30 சதவீதம், 31 முதல் 50 வரை என்றால் 70 சதவீதம். இந்தியா நிற்பது 100க்கும் பின்னால். ஆக அந்தக் கதவு நமக்கு இல்லை. மீதிப் புள்ளிகள் எந்த லீகில் எத்தனை நிமிடம் ஆடினார், அந்த லீக் எந்தப் படியில் இருக்கிறது என்பதைப் பொறுத்தவை. சென்னை லீக் ஆட்டங்களை வைத்துக்கொண்டு 15ஐத் தொட வழியே கிடையாது.

2023ல் ஒரு சலுகை வந்தது. புள்ளி போதாத சிலரை, மேல் இரண்டு டிவிஷன் கிளப்புகள் நான்கு பேர் வரையிலும், அதற்கடுத்த இரண்டு டிவிஷன்கள் இரண்டு பேர் வரையிலும் எடுக்கலாம். கன்சல்டன்சிக்காரர்கள் பேச்சில் இது பெரிதாக வரும். அதற்கும் நாட்டு அணியிலோ உயர்மட்டப் போட்டிகளிலோ ஆடிய கணக்கைக் காட்ட வேண்டும். பெரிய கிளப் வேண்டாம், ஊர்க்கோடியில் சின்ன கிளப் போதும் என்கிறீர்களா? அது இன்னும் முடியாது. இந்த ஒப்புதலைக் கேட்கும் உரிமையே மேல் நான்கு டிவிஷன் கிளப்புகளுக்குத்தான்.

இது காகிதச் சட்டம் மட்டுமில்லை. 2009ல் சுனில் சேத்ரி லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப்போடு மூன்று வருஷ ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டார். கிளப்புக்கு ஆள் வேண்டும், ஆளுக்குக் கிளப் வேண்டும். அப்போதைய விதிப்படி இந்தியா முதல் 70 நாடுகளுக்குள் இல்லை என்று பிரிட்டன் வொர்க் பெர்மிட்டை மறுத்துவிட்டது. இந்திய அணியின் முன்னணி ஆட்டக்காரருக்கே நடந்தது இது.

படிக்கப் போன இடத்தில் ஆடிக் காட்டினால் போதாதா என்று தம்பி கேட்பான். அவனுக்கு இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பிரிட்டனின் மாணவர் விசாவில் தொழில்முறை ஆட்டக்காரராக இருக்கக் கூடாது. காசு வாங்கவில்லை, சும்மாதான் ஆடினேன் என்பது அங்கே செல்லாது. அரைத் தொழில்முறை கிளப்பில் இலவசமாக ஆடினாலும் விசா விதி மீறல்தான், படிப்பே பாதியில் நின்றுபோகும். படிப்பு முடிந்து கிடைக்கும் கிராஜுவேட் விசாவிலும் இதே தடை. அந்த விசா 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு வருஷத்திலிருந்து 18 மாதமாகக் குறைகிறது, உங்கள் மகன் முடிக்கும்போது அதுதான் அளவு. அதன் பிறகு கிளப் ஆபீஸ் வேலைக்கு ஸ்பான்சர் வேண்டும் என்றால் பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்ட், புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குக் குறைந்தது 33,400. கால்பந்து ஆபீஸ் வேலையில் முதல் சம்பளமாக இதைத் தருகிற கிளப் அபூர்வம்.

செலவையும் மறுபடி போட்டுப் பாருங்கள். 32 லட்சம் என்பது கட்டணம் மட்டும். லண்டனில் தங்க மாதம் 1,529 பவுண்ட் வீதம் ஒன்பது மாதத்துக்கு, அதாவது 13,761 பவுண்ட், 28 நாள் தொடர்ந்து வங்கிக் கணக்கில் இருந்ததாகக் காட்ட வேண்டும். நம் பணத்தில் 15 லட்சத்துக்கு மேல். இதற்கு மேல் மருத்துவ வரி வருஷத்துக்கு 776 பவுண்ட், விசாக் கட்டணம் தனி. வீட்டுப் பத்திரத்தை இதற்காக வங்கியில் வைப்பதில் எனக்கு ஒரு துளியும் சம்மதமில்லை.

இன்னொன்று. '18 ஆகும் முன்பே வெளியே அனுப்பிவிடுங்கள், சின்ன வயசு என்றால் கிளப்புகள் விரும்பும்' என்று யாராவது சொன்னால் அவரோடு பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ஆட்டக்காரர் கிளப் மாறுவது பற்றிய பிஃபாவின் டிரான்ஸ்ஃபர் விதி 19ன்படி 18 வயதுக்குக் கீழே வெளிநாட்டில் பதிவு செய்வதே தடை. பெற்றோர் கால்பந்தைத் தவிர வேறு காரணத்துக்காகக் குடிபெயர்ந்தால், எல்லையை ஒட்டி வசித்தால் என்று மிகச் சில விலக்குகள்தான் உண்டு. 16 வயதில் மாறலாம் என்பது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருப்பவர்களுக்கு.

பி.காம் சேர்ந்து பேங்க் எக்ஸாம் எழுதுவது, சி.ஏ. இதெல்லாம் உங்களுக்கே தெரிந்த வழிகள். அவற்றைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை.

நீங்கள் குறையாக எழுதிய அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் சி.ஆர்.எஸ். என்ற ஆட்டக்காரர் பதிவுத் தளத்தில் ஒரு கிளப்பின் பசங்களை ஏற்றுவது லேசான வேலை இல்லை. பிறப்புச் சான்றிதழில் 'கு. தினேஷ்' என்று இருக்கும், ஆதாரில் 'தினேஷ் கே', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் ஏறியிருக்கும். மூன்றையும் ஒன்றாக்காமல் ஏற்றினால் விண்ணப்பம் திரும்பி வரும், பையன் மேட்ச் அன்று வெளியே உட்காருவான். இதைப் பொறுமையாகப் பார்க்கிற 17 வயதுப் பையனுக்கு ஒரு தொழில் காத்திருக்கிறது. ஆட்டக்காரர் பதிவும் டிரான்ஸ்ஃபர் சட்டமும்தான் அது. நம் ஊரில் இதைப் படிப்பாக யோசிப்பவர்கள் மிகக் குறைவு.

வேலை என்னவென்று சொல்கிறேன். ஒரு இந்திய கிளப் பிரேசிலிலிருந்து ஒரு ஸ்ட்ரைக்கரை எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளப்பில் டி.எம்.எஸ். என்ற பிஃபாவின் டிரான்ஸ்ஃபர் கணினி முறையில் பயிற்சி பெற்ற மேலாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது பிஃபா விதி. அவர்தான் டிரான்ஸ்ஃபர் ஜன்னல், அதாவது ஆள் மாற அனுமதிக்கப்பட்ட காலம், மூடும் முன் கணினியில் விவரம் ஏற்ற வேண்டும். ஒப்பந்தப் பிரதி, பாஸ்போர்ட், முந்தைய கிளப் ஒப்பந்தம் எந்தத் தேதியில், ஏன் முடிந்தது என்பதற்கான ஆதாரம், ஆட்டக்காரர் மேல் மூன்றாம் ஆளுக்குப் பங்கு இல்லை என்ற கையெழுத்துப் பத்திரம். பிறகு முந்தைய நாட்டுச் சங்கத்திடமிருந்து ஐ.டி.சி. என்ற சர்வதேசச் சான்றிதழ் வர வேண்டும். முன்பெல்லாம் அதை அனுப்ப 7 நாள் அவகாசம் இருந்தது. 2024 அக்டோபரில், பிஃபாவின் டிரான்ஸ்ஃபர் விதிகளை எதிர்த்து பிரெஞ்சு ஆட்டக்காரர் லசானா டியாரா நடத்திய வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, 2025 முதல் 72 மணி நேரம். இதற்கு இணையாக விசா வேலை ஓட வேண்டும். இந்தியாவின் எம்ப்ளாய்மென்ட் விசாவுக்கு ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்து இறங்கி 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்ற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு. சென்னையில் அந்த அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனில் இருக்கிறது, விண்ணப்பம் ஆன்லைனில்.

கிளப்புகள் சறுக்குவது எங்கே தெரியுமா? பிஃபா விதி 18ல் ஒரு வரி இருக்கிறது. மெடிக்கலில் பாஸ் ஆனால்தான் ஒப்பந்தம் செல்லும், வொர்க் பெர்மிட் கிடைத்தால்தான் செல்லும் என்று நிபந்தனை போட முடியாது. கையெழுத்தான பிறகு பெர்மிட் வராமல் போனால், ஆள் வந்து ஆடவில்லை என்பதைக் காட்டிக் கிளப் கைகழுவ முடியாது. வழக்கு பிஃபா வரை போகும், தீர்ப்புப் பணத்தைக் கட்டாத கிளப்புக்குப் புது ஆட்களைப் பதிவு செய்யவே தடை வரும். இன்னொரு கண்ணி, ஒரு சீசனில் மூன்று கிளப்புகளில் பதிவு செய்யலாம், ஆனால் இரண்டு கிளப்புகளுக்குத்தான் அதிகாரபூர்வ ஆட்டம் ஆடலாம். ஆள் ஏற்கெனவே இரண்டு இடத்தில் ஆடியிருப்பதைக் கவனிக்காமல் எடுத்தால் அவர் சம்பளம் வாங்கிக்கொண்டு கேலரியில் உட்காருவார். ஆகவே கையெழுத்துக்கு முன்னால் 'இவருக்குப் பெர்மிட் வருமா' என்று படித்துச் சொல்லும் ஆள்தான் கிளப்பின் பணத்தைக் காப்பாற்றுகிறார்.

வெளியே போகும் நம் ஆட்டக்காரர்களுக்கும் இந்த ஆள் தேவை. ஒவ்வொரு நாட்டுக்கும் விதி வேறு. ஜெர்மனியில் தரவரிசைக் கணக்கு இல்லை. 16 வயது நிறைந்து, மொத்தச் சம்பளம் ஓய்வூதியக் காப்பீட்டு உச்சவரம்பில் பாதியாவது இருக்க வேண்டும், 2025 கணக்கில் மாதம் 4,025 யூரோ. பிஃபாவின் 18 வயது விதி அதற்கு மேல் தனியாக நிற்கும். ஜப்பான் லீகில் தாய்லாந்து, வியட்நாம் போன்ற கூட்டாளி நாட்டவர், வெளிநாட்டவர் எத்தனை பேர் என்ற வரம்புக் கணக்கில் வருவதில்லை. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை.

படிப்பு வழி ஐந்து வருஷச் சட்டம். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் பெருங்குடி வளாகத்தில் சீர்மிகு சட்டப் பள்ளி இருக்கிறது. காமர்ஸ் படித்தவனுக்கு பி.காம். எல்.எல்.பி. ஹானர்ஸ் பொருத்தம். நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். கிடைக்காவிட்டால் புதுப்பாக்கம், பட்டறைப்பெரும்புதூர் அரசு சட்டக் கல்லூரிகள். லண்டன் தொகையை இவற்றின் கட்டணத்தோடு ஒப்பிடவே வேண்டியதில்லை. படிக்கும்போதே கிளப்பின் சி.ஆர்.எஸ். வேலையைத் தொடரட்டும், வார இறுதியில் லெஃப்ட் பேக்கும் ஆடட்டும்.

பிஃபா ஏஜென்ட் (ஆட்டக்காரருக்காகக் கிளப்போடு பேசும் முகவர்) தேர்வுக்கான பாடம் பிஃபா தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. 20 கேள்வி, 60 நிமிடம், 15 சரியாக வேண்டும். புத்தகத்தைப் பார்த்து எழுதலாம் என்பதால் சுலபம் என்று நினைக்காதீர்கள். ஒரு கேள்விக்கு மூன்று நிமிடம், விதி எந்தப் பக்கத்தில் என்று முன்பே தெரிந்தவர்தான் தேறுவார். ஆனால் லைசென்ஸ் வைத்திருப்பவர் கிளப் ஊழியராக இருக்கக் கூடாது. முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யவும் கூடாது. கிளப் வேலையா, ஏஜென்ட்டா, வக்கீலா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம், நாலாவது வருஷத்தில் யோசித்தால் போதும்.

இதில் ஆபத்தும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். இந்தியாவில் இந்த வேலை கொடுக்கும் கிளப்புகள் கொஞ்சம்தான். 2025 ஜூலையில் ஒப்பந்தச் சிக்கலில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சீசனே நிறுத்திவைக்கப்பட்டது, கிளப் ஊழியர்கள் திண்டாடினார்கள். அதனால்தான் தனி ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் டிகிரி வேண்டாம், சட்டம் வேண்டும் என்கிறேன். எம்ப்ளாய்மென்ட் விசாவும் எஃப்.ஆர்.ஆர்.ஓ. பதிவும் கால்பந்துக்கு மட்டும் உரியவை இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளுக்கு வரும் கொரிய, ஜப்பானியப் பொறியாளர்களுக்கும் அதே ஃபைல்தான், அதே 14 நாள்தான். கால்பந்து கைவிட்டாலும் இந்த ஊரிலேயே சோறு போடும் திறமை இது.

தம்பி இன்னும் ஆட்டக்காரனாகத்தான் ஆக வேண்டும் என்று நின்றால் அவனைத் தடுக்காதீர்கள். சென்னை சீனியர் டிவிஷனில் ஆடிக் காட்டட்டும், அங்கிருந்து தேசிய லீக் கிளப் டிரையல்ஸ் போகட்டும். அதற்குக் கடன் தேவையில்லை. ஆனால் அவனிடம் ஒரு தடவை, வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில், எது செய்யும்போது நேரம் போவது தெரியவில்லை என்று கேளுங்கள். அவன் சொல்வதை நடுவில் வெட்டாமல் கேளுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது, கன்சல்டன்சிக்கு ஈமெயிலில் எழுதி அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள். போனில் பேசுவது போதாது. ஒப்பந்தத்தில் 'வொர்க் பெர்மிட் பெற்றுத் தரப்படும்' என்ற மாதிரி எழுத்து இருந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். யாராவது தன்னை ஏஜென்ட் என்று சொல்லியிருந்தால் அவர் பெயர் பிஃபாவின் லைசென்ஸ் பட்டியலில் இருக்கிறதா என்று தளத்தில் தேடுங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகாரைப் பதிந்துவிட்டு, சட்டப் பல்கலைக்கழக விண்ணப்பத் தேதியைப் பாருங்கள். வழக்கமாக மே மாதத்தில் தொடங்கும்.