ஆடிப்பட்டம் செங்கோட்டைக்குப் பொருந்துமா?

கேள்வி: செங்கோட்டையில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் செம்மண் இடம். வருடா வருடம் ஆடி பிறந்ததும் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று நடுகிறேன். பீர்க்கு, புடலையைப் பந்தலில் ஏற்றுகிறேன். தக்காளி பச்சையாகவே வாடிச் சாகிறது. பீர்க்கம்பிஞ்சு விரல் நீளத்தில் மஞ்சளாகி விழுகிறது. மல்லி மொட்டு ஊதா நிறமாகிக் காய்ந்துவிடுகிறது. உரம் கூட்டிப் பார்த்தும் பயனில்லை. கேரளத்தில் புனலூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் கும்மாயம் (சுண்ணாம்பு) போடச் சொல்கிறார்கள். போடலாமா? எந்த மாதத்தில் எதை வைக்க வேண்டும்?

பதில்: சுண்ணாம்பை இப்போதைக்குத் தொட வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறோம். முதலில் பட்டத்தை, அதாவது விதைக்கும் பருவத்தை, சரிசெய்ய வேண்டும்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது கிழக்கே மானாவாரிக் காட்டுக்குச் சொன்னது. அங்கே ஆடியில் கிடைக்கும் ஒன்றிரண்டு மழையில் விதைத்து, ஐப்பசி மழையில் பயிரைத் தேற்றி எடுப்பார்கள். நீங்கள் இருப்பதோ மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள ஆரியங்காவுக் கணவாயின் வாயில். ஆனியும் ஆடியும் உங்களுக்குக் காற்றும் சாரலுமான மாதங்கள். நாளில் பாதி நேரம் இலை நனைந்தே இருக்கும், வெயில் குறைவு, தேனீ வராது, தண்டு ஓயாமல் ஆடுவதால் வேர் பிடிப்பதற்குள் அறுபடும். இந்த நிலையில் செடி பசியால் வாடுவதில்லை. நீங்கள் கூட்டிய உரம், அதிலும் யூரியா, இலையை இன்னும் மென்மையாக்கி நோய்க்கு வழிவிடும். ஆகவே உங்கள் ஊரில் ஆடி நாற்றுவிடும் மாதம், நடவு ஆவணியில். தக்காளியை ஆடியோடு சேர்க்கவே வேண்டாம், அது கார்த்திகைப் பயிர்.

அடுத்தது காற்று. சாரல் காலத்தில் காற்று மேற்கிலிருந்து வரும். மேற்குப் பக்கம் சுவரோ தகரமோ வைத்தால் காற்று அதன்மேல் ஏறிக் குதித்துச் சுழன்று உள்ளே விழும். செடி முன்பைவிட அதிகமாக ஒடியும். காற்றை அடைக்கக் கூடாது, வடிகட்ட வேண்டும். 50 சதவீத நிழல்வலையை ஆறடி உயரத்துக்குக் கம்பு நட்டுக் கட்டினாலே இரண்டு சென்டுக்குப் போதும். செலவில்லாத வழி அகத்தி: மாசியில் மேற்கு ஓரத்தில் ஓரடிக்கு ஒரு விதை, இரண்டு வரிசை. தண்ணீர் விட்டு வளர்த்தால் சாரல் தொடங்கும்போது ஆளுயரத்தைத் தாண்டியிருக்கும். கீரையும் கிடைக்கும். பந்தல் ஐந்தடிக்கு மேல் வேண்டாம், அதுவும் வீட்டின் கிழக்கு மறைவில் இருக்கட்டும்.

சமதரையில் நடுவதையும் நிறுத்துங்கள். மூன்றடி அகலம், முக்கால் அடி உயரத்தில் மேட்டுப்பாத்தி. இரண்டு பாத்திக்கு நடுவே ஒன்றரை அடி வாய்க்கால். வாய்க்காலுக்கு ஒரு பக்கம் வடிகால். பெருமழை நின்று அரை மணி நேரத்துக்கு மேல் வாய்க்காலில் தண்ணீர் நின்றால் வாட்டம் போதாது, வெட்டி விடுங்கள். பாத்தி மேல் காய்ந்த ஓலையோ வைக்கோலோ இரண்டு விரற்கடை கனத்தில் பரப்பினால் மண் தெறித்து அடியிலையில் படாது. இலைப்புள்ளி பாதி குறைவதற்கு அதுவே போதும். மூடாக்கு தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளியே இருக்கட்டும்.

இனி தக்காளி. இலை மஞ்சளாகாமல், ஒரே நாளில் வெந்நீர் ஊற்றியதுபோல் தொங்குவது பாக்டீரியா வாடல். உறுதிசெய்ய எளிய வழி உண்டு. வாடிய செடியின் அடித்தண்டை வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரில் வெட்டுவாய் மட்டும் மூழ்கும்படி பிடியுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் பால்போல் வெள்ளை இழை இறங்கினால் அதுதான். இழை வராமல், தண்டின் உட்பக்கம் பழுப்பாக இருந்தால் பூஞ்சணவாடல். பாக்டீரியா என்றால் எந்த மருந்தும் அந்தச் செடியை மீட்காது. வேர் மண்ணோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், குப்பைக்குழியில் போட வேண்டாம். அந்தப் பாத்தியில் மூன்று வருடத்துக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் கூடாது. வெண்டை, தட்டைப்பயறு, கீரை, மக்காச்சோளம் வைக்கலாம். கத்தரியை மிளகாய்க்கு மாற்றியதைப் பயிர்ச்சுழற்சி என்று நினைப்பவர்கள் நிறைய; இரண்டும் ஒரே குடும்பம், கிருமிக்கு வித்தியாசம் தெரியாது.

ரகத்தில் கவனம் வையுங்கள். இந்த நோய் கேரளத்தின் பழைய தலைவலி என்பதால், திருச்சூர் வெள்ளானிக்கரையில் உள்ள கேரள வேளாண் பல்கலைக்கழகம் இதைத் தாங்கும் ரகங்களைத் தந்திருக்கிறது. தக்காளியில் சக்தி, முக்தி, அனகா. கத்தரியில் சூர்யா, சுவேதா, ஹரிதா. மிளகாயில் உஜ்வலா, அனுகிரகா. புனலூர் சொந்தக்காரர்களிடம் கும்மாயத்துக்குப் பதிலாக இந்த விதைகளைக் கேளுங்கள். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா ரக்ஷக் தக்காளியும் தாங்கும். கத்தரியில் இன்னொரு வழி சுண்டை வேரில் ஒட்டுக்கட்டிய நாற்று. விலை கூடுதல், ஆனால் நோய் கண்ட தோட்டத்துக்கு அதுவே நம்பகமானது. ஒட்டு மண்ணுக்கு மேலே தெரியும்படி நட வேண்டும், இல்லையென்றால் மேல்செடி தானே வேர்விட்டு ஒட்டின் பலன் போய்விடும்.

சுண்ணாம்புக்கு வருவோம். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், செம்பாறை மண். பெருமழையில் சத்து கழுவப்பட்டுப் புளித்துப்போன மண். அங்கே சென்டுக்கு இரண்டு மூன்று கிலோ சுண்ணாம்பு போடுவது முறை. கணவாய்க்கு இந்தப் பக்கம் உள்ள செம்மண் அந்த அளவுக்குப் புளித்திருக்க வேண்டியதில்லை. புளிப்பில்லாத மண்ணில் சுண்ணாம்பு போட்டால் இரும்பும் துத்தநாகமும் வேருக்கு எட்டாமல் போகும். முதலில் உங்கள் மல்லிதான் வெளிறும். நாலைந்து இடத்தில் அரை அடி ஆழத்தில் மண் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோ பரிசோதனைக்குக் கொடுங்கள். கார அமிலநிலை (pH) 6-க்குக் கீழே வந்தால் மட்டும் சுண்ணாம்பு. அதுவும் தொழுஉரம் போடுவதற்கு இரண்டு வாரம் முன்பே.

ஆடியில் குழித்தட்டில் நாற்று விடுங்கள். கத்தரிக்கும் மிளகாய்க்கும் 30 முதல் 40 நாள் போதும். தாழ்வாரத்திலோ, மேலே பாலித்தீன் விரித்த சிறு கூடாரத்திலோ வையுங்கள். நாலு பக்கமும் மூடினால் நாற்றழுகல் வரும். அதே சமயத்தில் அடியுரமும் தயாராகட்டும். ஒன்பது கிலோ காய்ந்த சாணத்தூள், ஒரு கிலோ வேப்பம்பிண்ணாக்கு, 100 கிராம் டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் நல்ல பூஞ்சணம்) மூன்றையும் கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது என்ற அளவுக்கு ஈரமாக்குங்கள். நிழலில் குவித்து நனைந்த சாக்கால் மூடி வைத்தால் ஐந்தாறு நாளில் பச்சைப் பூஞ்சணம் படரும். ஒருமுறை கிளறி இன்னும் ஐந்து நாள் வைத்துவிட்டு, நடவுக் குழிக்குக் கால் கிலோ போடுங்கள். சாம்பல், சுண்ணாம்பு, ரசாயன உரம் எதையும் இதோடு சேர்க்கக் கூடாது. நடும் அன்று லிட்டருக்கு 20 கிராம் சூடோமோனாஸ் (நோயை அடக்கும் நல்ல பாக்டீரியாத் தூள்) கரைத்து, நாற்றின் வேரை இருபது நிமிடம் நனைத்து நடுங்கள். அதே கரைசலைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தூரில் ஊற்றலாம். கத்தரிக்கு இரண்டடி, மிளகாய்க்கு ஒன்றரை அடி இடைவெளி. நட்ட அன்றே குச்சி நட்டு, எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள்.

பீர்க்கம்பிஞ்சு விழுவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். பிஞ்சை அறுத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளைப்புழு இருந்தால் பழ ஈ. விழுந்த பிஞ்சை அன்றன்றே பொறுக்கி, ஓரடிக்குக் குறையாமல் ஆழத்தில் புதையுங்கள். பூ உதிர்ந்ததும் காய்க்குக் காகித உறை போட்டு அடிப்பக்கம் திறந்து விடுங்கள். புழு இல்லை, பிஞ்சு நுனியிலிருந்து சுருங்குகிறது என்றால் மகரந்தம் சேரவில்லை. மருந்துக்கடைக்குப் போக வேண்டாம், கையால் சேர்க்க வேண்டியதுதான். நேரம்தான் முக்கியம். பீர்க்கும் சுரையும் மாலையில் விரியும், புடலை இருட்டும் வேளையில். பாகலும் பூசணியும் விடிகாலையில். காலையில் போய்ப் பீர்க்கம்பூவைத் தடவுவதில் பலனில்லை. அன்று விரிந்த ஆண்பூவைப் பறித்து, இதழை நீக்கி, அடியில் பிஞ்சோடு இருக்கும் பெண்பூவின் நடுமுடியில் தொட்டு எடுங்கள். ஓர் ஆண்பூ இரண்டு மூன்று பெண்பூவுக்கு வரும். சாரல் விழும் நேரம் என்றால் தொட்டபின் ஒரு காகிதக் குல்லா. இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் பந்தல் காய்களைத் தை கடைசியில் விதையுங்கள். பங்குனி, சித்திரையில் தானாகவே காய்க்கும்.

கீரைக்கும் மலையாளப் பக்கத்தில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. சாரலில் செங்கீரை இலையில் வெளிறிய பொட்டு விழுந்து ஓட்டையாகும். பச்சைக்கீரையில் அவ்வளவு வராது. அதனால் இரண்டையும் கலந்து விதைக்கிறார்கள். கோ 1 தண்டுக்கீரையைச் செங்கீரையோடு கலந்து விதையுங்கள். தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் தூரில் விடுங்கள்.

மல்லி மொட்டு ஊதாவாவதில் ஆளைப் பிரித்தறிய வேண்டும். மொட்டின் அடி வீங்கி ஊதாவாகி, துளை இல்லாமல் காய்ந்தால் மொட்டு ஈ. துளையும் நூலாம்படையும் இருந்தால் மொட்டுப்புழு. இரண்டுக்கும் முதல் வேலை கெட்ட மொட்டைத் தினமும் பறித்து அழிப்பது. மொட்டு ஈ தூர் மண்ணில்தான் கூட்டுப்புழுவாகும் என்பதால், வாரம் ஒருமுறை மண்ணை இரண்டு விரல் ஆழம் கொத்திக் காயவிடுங்கள். வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதிச் சோப்பு கரைத்து, மழை விட்ட மாலையில் அடியுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை. சாரல் நிற்காத வாரத்தில் அடிப்பது வீண்.

குண்டுமல்லியின் பருவம் பங்குனி முதல் ஆடி வரை. நல்ல பூ வேண்டுமென்றால் கவாத்துதான் வழி. நவம்பர் கடைசி வாரம் வெட்டச் சொல்வது பொதுவான பரிந்துரை. உங்கள் ஊரில் அப்போது அடைமழை இருந்தால் வெட்டுவாய் அழுகும், மார்கழி முதல் வாரத்துக்குத் தள்ளுங்கள். ஒரு வாரம் தண்ணீரை நிறுத்தி, தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டி, இலையை உருவிவிட்டு, தூரைக் கொத்தி 10 கிலோ தொழுஉரம் போடுங்கள். ரசாயன உரம் போடுவதானால் தரையில் உள்ள வளர்ந்த செடி ஒன்றுக்கு யூரியா 65, சூப்பர் பாஸ்பேட் 375, பொட்டாஷ் 100 கிராம். இதே அளவு மறுபடி ஆனியில். தொட்டிச் செடிக்கு இந்தக் கணக்கு ஆகாது, கருகிவிடும். கொழுந்திலை மட்டும் வெளிறி நரம்பு பச்சையாக இருந்தால் இரும்புக்குறை: லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளியுங்கள். அடியிலை முழுதாக மஞ்சளானால் வேரில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். பிச்சிக்கு வேலை குறைவு. மார்கழி கடைசியில் வெட்டினால் போதும், மல்லி ஓய்ந்தபின் அதுதான் பூ தரும்.

ஆயுதபூஜைக்குக் கேந்தி (செண்டுமல்லி) வேண்டுமென்றால் ஆனி கடைசியில் நாற்று விட்டு ஆடிப் பாதிக்கு மேல் நடுங்கள்; நட்ட அறுபது நாளில் பூ. இருபத்தைந்து, முப்பதாம் நாள் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை வரும். காற்று இருப்பதால் குட்டை ரகமே பாதுகாப்பு.

ஐப்பசி, கார்த்திகையில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம், தக்காளி நாற்றைத் தவிர. ஐப்பசி கடைசியில் கூரைக்கு அடியில் விதைத்தால், கார்த்திகை பிற்பாதியில் இருபத்தைந்து நாள் நாற்று கையில் இருக்கும். பனியும் இளவெயிலும் தக்காளிக்குப் பிடிக்கும். மாசியில் பழம் பறிக்கலாம். மழை ஓயாத இந்த இரண்டு மாதமும் ஆப்பிரிக்க நத்தை வந்தால், நனைந்த சாக்குக்கு அடியில் பப்பாளி இலையை வைத்துவிட்டு, இருட்டியபின் கையுறையோடு பொறுக்கி, லிட்டருக்கு 200 கிராம் உப்புக் கரைத்த வாளியில் போடுங்கள். அந்த நீரைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள்.

தை, மாசியில் பகல் வெயிலும் இரவுக் குளிரும் சேர்ந்தால் வெண்டை, பூசணி இலையில் சாம்பல் பூசியதுபோல் வரும். ஆரம்பத்திலேயே அந்த இலைகளைக் கிள்ளுங்கள். மாசி வெண்டைக்கு அர்கா அனாமிகா போடுங்கள், மஞ்சள் நரம்பு நோயைத் தாங்கும்.

சாரலில் நிலம் சும்மா கிடக்குமே என்ற கவலையும் வேண்டாம். சாரலை விரும்பும் பயிர்களை முன்கூட்டியே வைத்துவிடுங்கள்: சேனை, சேம்பு, மஞ்சள், இஞ்சி. 'கும்பத்தில் நட்டால் குடத்தோளம், மீனத்தில் நட்டால் மீன்கண்ணோளம்' என்பார்கள் மலையாளத்தில் சேனையைப் பற்றி; கிழங்கு குடமளவு, மீன்கண் அளவு என்று பொருள். கும்பம் நம் மாசி, மீனம் பங்குனி. சேனைக்கு இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழக் குழி, மூன்றடி இடைவெளி. முக்கால் முதல் ஒரு கிலோ வரை எடையுள்ள துண்டில் நடுமுளையின் ஒரு பங்காவது இருக்க வேண்டும். சாணிக்கரைசலில் முக்கி நிழலில் உலர்த்தி, இரண்டு கிலோ தொழுஉரத்தோடு நட்டு, மேலே சருகு மூடிவிடுங்கள். கோடை மழையில் முளைத்துவிடும். எட்டு ஒன்பது மாதத்தில் இலை மஞ்சளாகிச் சாய்ந்ததும் தோண்டலாம்.