நோயே இல்லை, மாத்திரை எதற்கு?

கேள்வி: எனக்கு 46 வயது, தையல் கடை வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது. போன வருடம் என் மார்பில் இருந்த கட்டியை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் பால்குழாய்ச் செல்கள் இயல்பாக இல்லை என்றார்கள். வருமுன் காக்க டமாக்ஸிஃபென் 20 மி.கி., தினமும் ஒன்று, ஐந்து வருடம். நான்கே மாதத்தில் போதும் போதும் என்றாகிவிட்டது. திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கிறது. ராத்திரி வியர்வையில் நைட்டி நனைந்து, எழுந்து மாற்றுகிறேன். வெள்ளைப்படுதல் வேறு. "நோயே இல்லாதவளுக்கு மாத்திரை எதற்கு?" என்கிறார் கணவர். பத்து நாளாக நிறுத்திவிட்டேன், டாக்டரிடம் சொல்லவில்லை. தவறா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: நிறுத்தியதற்குத் திட்ட மாட்டேன். நனைந்த நைட்டியோடு எத்தனை ராத்திரி தூங்க முடியும்? டாக்டரிடம் மறைத்ததுதான் சரியில்லை. சொல்லியிருந்தால் வழி இருக்கிறது.

உங்கள் கணவர் கேட்பது நியாயமான கேள்வி. உங்களுக்கு வந்த செல் மாற்றம் புற்றுநோய் அல்ல. ஆனால் அது இருப்பவர்களுக்குப் பின்னாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள 13,000க்கும் மேற்பட்ட பெண்களில் இந்த மாத்திரை எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

இனி வழி. அளவைக் குறைக்கலாமா என்று கேளுங்கள். இத்தாலியில் 500 பெண்களில் பாதிப் பேருக்கு வெறும் 5 மி.கி.யை மூன்று வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். உங்களைப் போன்ற செல் மாற்றம் உள்ளவர்களும் அதில் இருந்தார்கள். அந்தச் சிறிய அளவே ஆபத்தைப் பாதியாக்கியது, தொல்லையும் குறைவு. இது 2019இல் வெளியானது. அதற்காக நீங்களே பிளேடு வைத்து மாத்திரையை நறுக்க வேண்டாம். உங்களுக்குப் பொருந்துமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கொதிப்புக்கு: இஸ்திரிப் பெட்டி உங்கள் மெஷினுக்குப் பக்கத்திலேயே இருக்கிறதா? தள்ளி வையுங்கள். சூடான காபி, காரம் இரண்டும் கிளப்பிவிடுகிறதா என்று கவனியுங்கள். என்னிடம் வரும் ஒரு டீச்சர், இரவில் போட்டதைக் காலைக்கு மாற்றியதும் நன்றாகத் தூங்கினார். இந்த மருந்து உடம்பில் பல நாள் தங்குவது, நேரம் மாறினால் பலன் குறையாது. கொதிப்பைத் தணிக்கவும் மாத்திரைகள் உண்டு. ஆனால் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பராக்ஸிடின், ஃப்ளூவாக்ஸிடின் இரண்டும் டமாக்ஸிஃபெனின் வேலையைக் கெடுக்கும். யார் எழுதிக் கொடுத்தாலும் முதலில் இதைச் சொல்லுங்கள். மஞ்சள் சாற்று மாத்திரையும் வேண்டாம். குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை!

வெள்ளைப்படுதல் நாற்றமோ அரிப்போ இல்லாவிட்டால் பயமில்லை. மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம் பட்டால் காட்டிவிடுங்கள். மாதவிலக்கு இன்னும் வருகிறதென்றால், கருத்தரிக்கக் கூடாது. ஹார்மோன் இல்லாத கருத்தடை அவசியம்.

இன்னொன்று, நாள் முழுக்க உட்கார்ந்து தைப்பவர் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். இந்த மருந்தால் அபூர்வமாக ரத்தம் உறையும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, உடனே ஆஸ்பத்திரி. மணிக்கொரு தரம் எழுந்து நடங்கள்.

இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். விட்ட பத்து நாளைச் சேர்த்து விழுங்க வேண்டாம். கணவரையும் கூட்டிப்போங்கள். அந்தக் கேள்வியை அவரே நேரில் கேட்கட்டும்.