மிதவைக் கயிற்றில் ஏறும் பச்சைப் பாசி: என்ன இனம், எது கெடுதல்?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் கடலில் மூங்கில் மிதவை கட்டி பெப்சி பாசி (கப்பாபைகஸ் என்னும் கடற்பாசி) வளர்க்கிறோம். கயிற்றில் பச்சையாக வேறு பாசி ஏறுகிறது. ஒன்று தாள் மாதிரி, ஒன்று முடி மாதிரி, இன்னொன்று திராட்சைக் கொத்து மாதிரி. எல்லாம் ஒரே பாசிதானா? எது கெடுதல்?

பதில்: ஒரே பாசி இல்லை அம்மா. மூன்றும் தனித்தனிப் பேரினம். நிறத்தை விட்டுவிட்டுக் கையால் தொட்டுப் பாருங்கள்.

தாள் போலிருப்பது உல்வா. அதன் இலை இரண்டே செல் அடுக்குத் தடிமன்தான். சிலது குழல்போல் வளரும். விரலால் அழுத்தினால் உள்ளே காற்றுக்குமிழி ஓடும். முன்பு அதை என்டிரோமார்பா என்று தனியாக வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுக்குப் பிறகு 2003-இல் உல்வாவோடு சேர்த்துவிட்டார்கள். இலையின் ஓரம் வெளுத்திருந்தால் விதைச்செல்களை ஏற்கெனவே கடலில் விட்டுவிட்டது என்று பொருள். அதனால் ஓரம் வெளுக்கும் முன்பே பறித்துவிட வேண்டும்.

முடி போன்றதைக் கைலென்ஸில் பாருங்கள். கிளையே இல்லாமல் மணி கோர்த்ததுபோல் இருந்தால் கீட்டோமார்பா, கிளை பிரிந்தால் கிளாடோபோரா. எனக்குக் கவலை இவற்றால்தான். பெப்சி பாசிக் கிளைகளைச் சுற்றி வெயிலையும் சத்தையும் பறித்துக்கொள்ளும்.

திராட்சைக் கொத்து காலெர்பா. படர்தண்டு, வேர்போன்ற இழை, மேலே கொத்து என்று ஒரு செடிபோல் தெரிந்தாலும் உள்ளே குறுக்குச்சுவரே கிடையாது. அத்தனையும் ஒரே செல்! இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வெளிச்சம் மாறினால் உருண்டை தட்டையாகிவிடும். ஒரே தண்டில் இரண்டு வடிவத்தையும் பார்க்கலாம். ஆகவே ஒரு துண்டைக் கிள்ளி வந்து காலெர்பா ரசமோசா என்று இனப்பெயர் வைக்காதீர்கள். இறகு போலிருந்தால் காலெர்பாவிலேயே டாக்சிபோலியா இனமாகவோ செர்டுலாரியாய்டஸ் இனமாகவோ இருக்கலாம். டாக்சிபோலியாவின் சிறகு தட்டையாக இருக்கும், மற்றதில் உருளையாக இருக்கும்.

பறித்த காலெர்பாவை மிதவை ஓரத்திலேயே வீசாதீர்கள். துண்டு துண்டாகவே முளைத்துவிடும். கரைக்குக் கொண்டுவந்து போடுங்கள்.

இனத்தை உறுதிப்படுத்த வேண்டுமென்றால் படர்தண்டோடு முழுதாக எடுத்து, கடல்நீரில் அலசி, கெட்டித் தாளில் விரித்து அழுத்திக் காய வையுங்கள். எடுத்த தேதி, இடம், ஆழம் மூன்றையும் அதிலேயே எழுதுங்கள். மரபணுச் சோதனைக்கு ஒரு சிறு துண்டை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் தனியாகப் போட்டு வையுங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டையும் அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.