ஏறும்போதுதான் தெரியும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்வியில பாதி மலை இடுக்கு, கேன்யன், ஆத்துப் பள்ளம்னுதான் இருக்கு. ஸ்கூல் லீவு வருதுல்ல. நம்ம கோல குபு பாரு டவுன்ல சனி ஞாயிறு காலையில கோப்பிக்கடை முன்னால சைக்கிளா நிக்கிது, அதப் பாத்து வந்த ஆசையாவும் இருக்கலாம்.

நாங்க உலு யாம் பக்கம் தோட்டத்துப் பசங்க. வாராவாரம் செம்பனைக்குள்ள செம்மண் ரோட்டுல மவுண்டன் பைக் ஓட்டுறோம். காசு சேத்து அமெரிக்கா போயி, கிராண்ட் கேன்யன்ல மேலருந்து ஆறு வரைக்கும் சைக்கிள்லயே எறங்கணும்னு ஆச. முடியுமா அண்ணே?

முடியாது தம்பி. விளிம்புலருந்து கீழ எறங்குற பாதையில சைக்கிளுக்கு அனுமதியே இல்ல. மேல விளிம்போரமா ஓட்டலாம், அதுவும் சும்மா சொல்லக்கூடாது, நல்லாவே இருக்கும். தெற்கு விளிம்புல ஹெர்மிட் ரோடுன்னு 11 கிலோமீட்டர் ரோடு ஒண்ணு இருக்கு, மார்ச்லருந்து நவம்பர் வரைக்கும் அதுல சொந்தக் காடி விட மாட்டாங்க, பார்க் பஸ்ஸும் சைக்கிளும்தான், அங்கேயே வாடகைக்கும் சைக்கிள் கெடைக்கும்.

அப்படியும் சைக்கிளோட கேன்யனக் கடக்குற கிறுக்கனுங்க இருக்கானுங்க. மெக்சிகோ எல்லையிலருந்து யூட்டா எல்லை வரைக்கும் அரிசோனா டிரெயில்னு ஒண்ணு போகுது, கிட்டத்தட்ட 1,300 கிலோமீட்டர், அது இந்த கேன்யனுக்குள்ள எறங்கி ஏறுது. சைக்கிள்ல வர்றவன் அங்க வந்ததும் சக்கரத்தக் கழட்டி, எல்லாத்தையும் முதுகுல கட்டிக்கிட்டு நடந்தே எறங்கி அந்தப் பக்கம் ஏறணும், சக்கரம் பாதையில படவே கூடாதுங்குறது சட்டம். எனக்கு அந்தத் தெம்பு இல்ல, சாமி.

நடந்து போறதுன்னா ஒண்ணு மட்டும் மண்டையில ஏத்திக்குங்க. நம்ம ஊருல பிரேசர் மலைக்கு சைக்கிள் விடுறப்ப மொதல்ல ஏறுறோம், முடியலன்னா அங்கேயே திருப்பி டவுன் வரைக்கும் உருட்டிக்கிட்டு வந்துடலாம். கேன்யன்ல அது தலைகீழு. பிரைட் ஏஞ்சல் பாதையில ஆத்துக்கு ஏறக்குறைய பன்னெண்டரை கிலோமீட்டர், 1,300 மீட்டருக்கு மேல எறக்கம், காலையில குளுகுளுன்னு பாட்டு பாடிக்கிட்டே எறங்கிடுவீங்க, ஆனா அடியில கோடையில 40 டிகிரியத் தாண்டும், அந்த வெயில்ல, செத்த காலோட, எறங்குன நேரத்துக்கு ரெட்டிப்பு நேரம் ஏறணும். ஒரே நாள்ல ஆறு வரைக்கும் போயி திரும்பாதீங்கன்னு பார்க்காரங்களே எழுதிப் போட்டிருக்காங்க. பாதி தண்ணி தீர்றதுக்கு முன்னாடியே திரும்புங்க, முகத்தத் தொங்கப் போடாம திரும்புங்க.

என் மகன் கூட்டாளிங்களோட சிலிங் நீர்வீழ்ச்சிக்குப் போறேங்குறான். கெப்பாலா ஆயேர், அதான் மேலருந்து தெடீர்னு பாயுற வெள்ளம், வருமேன்னு கேட்டா "வானம் வெளுத்துத்தானே கெடக்கு, பயப்படாதம்மா"ங்குறான். என்ன சொல்றது? (ஒரு அம்மா, பத்தாங் காலி)

அவன் பாக்குற வானம் வேற, தண்ணி வர்ற வானம் வேறன்னு சொல்லுங்கம்மா. மலை இடுக்குக்குள்ள நின்னா தலைக்கு மேல ஒரு துண்டு வானந்தான் தெரியும். மழை ரெண்டு மலைக்கு அந்தாண்ட கொட்டிக்கிட்டிருக்கும். மேல மரக்கட்டையும் சருகும் அடைச்சு, தேங்கி நின்ன தண்ணி படக்குன்னு ஒடைச்சுக்கிட்டு வந்தாலும் இதே கததான்.

இது நம்ம நாட்டு வியாதி மட்டும் இல்ல. 1997 ஆகஸ்ட் 12, அரிசோனாவுல ஆன்டெலோப் கேன்யன்னு கைய விரிச்சா ரெண்டு பக்கமும் சுவரு தொடுற மாதிரி ஒரு எடம், நின்ன எடத்துல மழையே பெருசா இல்ல, மேல தூரத்துல பேஞ்ச மழை உள்ள பாஞ்சு 11 சுற்றுலாப் பயணிங்க செத்துப் போய்ட்டாங்க. இப்ப வழிகாட்டி இல்லாம அங்க விடுறதில்ல.

சிலிங் பாதையில ஆத்த திரும்பத் திரும்பக் கடக்கணும், அதுதான் வெனை. போறப்ப முட்டி அளவு இருந்த தண்ணி வர்றப்ப இடுப்பு அளவு ஆயிருக்கும். மகன உக்கார வச்சு இத மட்டும் சொல்லுங்க: தெளிஞ்ச தண்ணி டீத்தண்ணி நெறத்துக்கு மாறுனா, எலையும் குச்சியும் தெடீர்னு மெதந்து வந்தா, ஒரு பாறைய அடையாளம் வச்சிருந்து அது முங்குனா, மேலருந்து லாரி வர்ற மாதிரி எரைச்சல் கேட்டா, ஏன், ஓடுற தண்ணி திடுதிப்புன்னு கொறைஞ்சாலும் சரி, பைய விடு போன விடு, பக்கவாட்டுல மேட்டுக்கு ஏறு. ஆத்தோட போக்குல கீழ ஓடாத, அது உன்ன விட வேகம். அந்தக் கரையில மாட்டிக்கிட்டா மாட்டிக்கிட்டதுதான், தண்ணி வடியிற வரைக்கும் பசியோட உக்காந்திரு, கடக்காத. சாதாரணமா கடக்குறப்பவும் பையோட இடுப்புப் பட்டிய அவுத்து விட்டுடணும், விழுந்தா உதறிட்டு வரலாம்.

அப்புறம், ஏப்ரல், அக்டோபர் பக்கம் நம்ம மேற்குக் கரையில மத்தியானத்துக்கு மேல இடிமழை வழக்கம். காலையில வெள்ளனப் போயி பன்னெண்டுக்குள்ள வெளிய வந்துடணும். பெர்மிட்டு, வழிகாட்டி, அன்னிக்கு தெறந்திருக்கா இல்லையா, எல்லாம் முன்னாடியே கேட்டுக்கச் சொல்லுங்க. பையன் இதுக்கெல்லாம் மூஞ்சக் காட்டுனா அனுப்பாதீங்க, நான் சொன்னேன்னு சொல்லுங்க.

நம்ம நாட்டுல இவ்ளோ மலை, இவ்ளோ ஆறு, ஏன் ஒரு பெரிய கேன்யன் இல்ல? (ஆறாம் ஆண்டு மாணவி, ரவாங்)

மழை ஜாஸ்திம்மா, அதான். கொலராடோ ஆறு அம்பது அறுவது லட்சம் வருசமா அறுத்துக்கிட்டே இருக்கு, அங்க வறண்ட பூமி, அறுத்த சுவரு சரியாம நிக்கிது. நம்ம தித்திவங்சா மலையில கருங்கல்லே மழையில மக்கி செம்மண்ணாப் போயிடுது, சரிவு சரிஞ்சிக்கிட்டே இருக்கு, மேல காடு மூடிக்குது. சுண்ணாம்புக்கல்லு மட்டும் விதிவிலக்கு. சரவாக் முலுவுல ஆப்பி மலைக்கும் பெனாரட் மலைக்கும் நடுவுல மெலினாவ் இடுக்கு இருக்கு, படகுல போயி எறங்கி ஒம்பது கிலோமீட்டர் கிட்ட காட்டுல நடந்தா அங்க இருக்குற கேம்ப் 5 வரும். 2000ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்துட்டாங்க. அப்பாகிட்ட கேட்டு வையி.

எனக்கு முட்டி வலி, வயசு அறுவதத் தாண்டியாச்சு. திருப்பதி போறப்ப கண்டிக்கோட்டா கேன்யனையும் பாக்கலாம்னு மருமகன் சொல்றாரு. முடியுமாய்யா? (ஓய்வு பெற்ற மண்டோர், ராசா)

தாராளமா போங்கண்ணே. கடப்பா மாவட்டம், ஜம்மலமடுகு டவுன்லருந்து 15 கிலோமீட்டர் சுமாரு, கோட்டை வாசல் வரைக்கும் காடி போகும். உள்ள மாதவராயர் கோயிலு, ஜும்மா மசூதி, நெல்லுக் களஞ்சியம் எல்லாம் சுத்திட்டு, அதுக்குப் பின்னால செவப்புப் பாறை மேல நின்னா கீழ பெண்ணாறு வளைஞ்சு போறது தெரியும். எறங்க வேண்டிய வேலையே இல்ல. விளிம்பு பூரா கம்பி போட்டிருக்கும்னு மட்டும் நம்பாதீங்க, பேரப் புள்ளைங்க கைய விடாதீங்க. சித்திரை வைகாசி வேணாம், மார்கழி தை பாத்துப் போங்க.

பிரேசர் மலை ரோட்டுல கேப்புங்குற எடத்துலருந்து கோல குபுவுக்கு சைக்கிள்ல எறங்குறப்ப பிரேக் பிடிச்சே கை மரத்துப் போகுது. என்ன பண்ணலாம்?

பிடிச்சபடியே வராதீங்க. சக்கர வளையத்தப் பிடிக்கிற ரிம் பிரேக்குன்னா சக்கரம் சூடேறி டியூப் வெடிக்கிற அளவுக்குப் போகும், டிஸ்க்குன்னாலும் சூட்டுல பிடி விட்டுப் போகும். வளைவுக்கு முன்னாடியே நல்லா அழுத்தி வேகத்தக் கொறைச்சுட்டு, வளைவுக்குள்ள விட்டுடுங்க. பொச்சப் பின்னால தள்ளி உக்காருங்க. எலை விழுந்த ஈர ரோட்டுல திருப்பும்போது பிரேக்கத் தொடவே தொடாதீங்க.

ஆத்துப் பள்ளத்துல நடக்க எந்த சப்பாத்து நல்லது? ஆன்லைன்ல நானூறு வெள்ளி சொல்றாங்க.

பால்மரம் வெட்டுறவங்க போடுற கறுப்பு ரப்பர் சப்பாத்து, அதான் 'அடிடாஸ் கம்போங்', டவுன்ல மளிகைக்கடையில இருபது வெள்ளிக்குள்ள தொங்கும். அடியில குமிழ் குமிழா இருக்குறதால சேத்துல வழுக்காது, தண்ணி புகுந்தாலும் கொட்டிட்டு நடக்கலாம். அடியில மெத்தை கெடையாது, நாள் பூரா நடந்தா பாதம் காந்தும், அதனால தடிப்பான நீளக் காலுறை போட்டு, பேண்ட்ட அதுக்குள்ள சொருகுங்க, அட்டையும் ஏறாது. கடைக்குப் போறப்பவே அந்தக் காலுறைய எடுத்துட்டுப் போயி போட்டுப் பாத்து வாங்குங்க, சின்னதா வாங்குனா எறக்கத்துல பெருவெரல் நகம் போயிடும்.