ஒரு துரும்பைக்கூட அசைக்க விடாத வீடு

அன்புள்ள அக்கா,

அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. ஊரில் இரண்டு மாடு, தோட்டம் என்று ஓடிக்கொண்டிருந்த அம்மாவைக் கோவைக்குக் கூட்டிவந்துவிட்டோம். தனி அறை, டிவி, வேளாவேளைக்குச் சாப்பாடு, எல்லாம் இருக்கிறது. ஒரு துரும்பைக்கூட அசைக்க விடுவதில்லை. அழுவார் என்று அப்பா பேச்சையே யாரும் எடுப்பதில்லை. ஆனாலும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், "ஒண்ணுமில்ல, சும்மா யோசிச்சுட்டிருந்தேன்" என்கிறார். நாங்கள் என்ன குறை வைத்தோம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

குறை வைத்தீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் துரும்பை அவர் அசைக்கட்டும். மாடு கத்தினால் விடியுமுன் எழுந்து ஓடியவர் அவர், இன்றைக்கு அவர் எழுந்திருக்காவிட்டாலும் உங்கள் வீட்டில் ஒரு வேலையும் நிற்காது, அது அவருக்கும் தெரியும்.

என் பெரியம்மாவும் இப்படித்தான் எங்கள் வீட்டில் மூன்று மாதம் வாய் திறக்காமல் இருந்தார். ஒருநாள் அவசரத்தில் முருங்கைக்கீரைக் கட்டை அவர் மடியில் போட்டுவிட்டுக் கடைக்கு ஓடினேன். திரும்பி வந்தால், ஈர்க்கு ஒன்றுகூட இல்லாமல் உருவி, பழுத்த இலையைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு, "முத்தின கீரைய எவன் உன் தலையில கட்டினான்?" என்று திட்டினார். அந்தத் திட்டைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் அந்த 'யோசிச்சுட்டிருந்தேன்'. ஜிம்பாப்வேயில் மனச்சோர்வை மக்கள் 'குஃபுங்கிசிசா' என்கிறார்கள், அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் ஹராரேயில் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, வருபவர்களோடு ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்து பேச வைத்தார். 2016-இல் வந்த ஆய்வின்படி, ஆறு மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்தவர்களில் பாதிப்பேருக்கு மனச்சோர்வு அறிகுறி இருந்தது, பாட்டிகளோடு பேசியவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான். அந்தப் பாட்டிகள் முதலில் செய்வது, மனதில் இருப்பதைச் சொல்லவிட்டுக் கேட்பது. உங்கள் வீட்டில் அதற்குத்தான் பூட்டு போட்டிருக்கிறீர்கள்.

தூக்கமோ சாப்பாடோ குறைந்தாலும், "நானும் போயிட்டா நல்லது" என்று சொன்னாலும், தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

இன்று ராத்திரி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வைக்கும் குழம்பில் அப்பாவுக்கு எது பிடிக்கும் என்று கேளுங்கள். அழுதால் அழட்டும், கூடவே இருங்கள். நாளைக்கு அந்தக் குழம்பை அவரையே வைக்கச் சொல்லுங்கள்.