ஏழு மணிக்கு விடிகிற ஊரில் பொது அறிவுப் பயிற்சி

துவாஸிலிருந்து ஒரு வாசகர்: அண்ணே, எனக்கு வயது 26. பி.இ. முடித்துவிட்டு இங்கே சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறேன். இந்தியக் குடிமைப் பணித் தேர்வு எழுத ஆசை. தடிமனான பொது அறிவுப் புத்தகம் ஒன்று வாங்கினேன். நாற்பதாம் பக்கம் போவதற்குள் முதல் பக்கம் மறந்துபோகிறது. எப்படி மனப்பாடம் செய்வது?

தம்பி, அந்தப் புத்தகத்தைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். காலையில் லாரிக்குக் காத்திருக்கும்போது வானத்தைப் பாருங்கள். ஆறரை மணிக்கும் இருட்டாகத்தானே இருக்கிறது? ஊரில் அந்நேரம் வெளிச்சம் வாசலுக்கு வந்திருக்கும். இது ஏன் என்று கேட்டுப் பாருங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

பூமி ஒரு டிகிரி சுற்ற 4 நிமிடம் ஆகும். இந்திய நேரம், மிர்சாபூர் பக்கமாகப் போகும் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோட்டை வைத்துக் கணக்கிடுவது. சிங்கப்பூர் ஏறக்குறைய 104 டிகிரியில் இருக்கிறது. நடுவே 21.5 டிகிரி. நாலால் பெருக்கினால் 86 நிமிடம். ஆனால் உங்கள் அம்மாவுக்கு போன் போடும்போது அங்கே மணி என்ன என்று பார்க்க நம் நேரத்திலிருந்து எவ்வளவு குறைக்கிறீர்கள்? இரண்டரை மணி நேரம், அதாவது 150 நிமிடம். சூரியக் கணக்கைவிட நம் கடிகாரம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தி ஓடுகிறது. 1982 தொடக்கத்தில் மலேசியா தன் இரண்டு பகுதிகளுக்கும் ஒரே நேரம் வைத்தது. அப்போது சிங்கப்பூரும் கூடவே கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிக்கொண்டது. அதனால்தான் இங்கே ஏழு மணியை ஒட்டி விடிகிறது. நிலநடுக்கோட்டுக்கு வெகு அருகில் இருப்பதால் பகலின் நீளமும் ஆண்டு முழுக்கப் பெரிதாக மாறுவதில்லை.

சரி, இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். அசாமில் நிலைமை நேர் எதிர். அங்கே கடிகாரம் பின்தங்கி நிற்க, சூரியன் முன்னால் வந்துவிடும். அதனால்தான் அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் ஒரு மணி நேரம் கூட்டி வைத்த ‘பாகான் நேரம்’ வழக்கத்துக்கு வந்தது. பாருங்கள், லாரிக்காகக் காத்திருந்த பத்து நிமிடத்தில் தீர்க்கக்கோடு, இந்திய நேரம், வடகிழக்கு மூன்றும் ஒரே முடிச்சில் வந்துவிட்டன. இனி மறக்காது.

எனக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது. சென்னையில் படித்த காலத்தில் தீவுகளுக்கு நடுவே உள்ள கடல் இடைவெளிகளான எட்டு, ஒன்பது, பத்து டிகிரி கால்வாய்களை வரிசையாக நெட்டுருப் போட்டவன் நான். ஒரு பயிற்சித் தேர்வில் பத்தை லட்சத்தீவின் மினிக்காய் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். அங்கே இருப்பது எட்டும் ஒன்பதும். பத்து, அந்தமானையும் நிக்கோபாரையும் பிரிப்பது. பல ஆண்டுகள் கழித்து சென்னையிலிருந்து சிங்கப்பூர் வரும்போது, முன்னிருக்கையின் முதுகில் இருந்த திரையில் விமானத்தின் சின்னம் நிக்கோபாரின் தென்முனைப் பக்கம் ஊர்ந்தது. அதற்குக் கீழே சுமத்ரா. நடுவில் ஒரு விரல் அகலத்துக்குக் கடல். ஆறு டிகிரி கால்வாய் அதுதான்! இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை கன்னியாகுமரியைவிட எவ்வளவு தெற்கே இருக்கிறது என்பதும் அன்றுதான் கண்ணில் பட்டது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது படம் பார்க்காமல் அந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே போங்கள்.

அதே கடலில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 1025ஐ ஒட்டி ராஜேந்திர சோழனின் கப்பற்படை சுமத்ராவை ஆண்ட ஸ்ரீவிஜயப் பேரரசின் மேல் போனது. அவனுடைய மெய்க்கீர்த்தியில் வரும் ‘மாநக்கவாரம்’ இந்த நிக்கோபார்தான். கடாரம், இங்கிருந்து வடக்கே மலேசியாவில் இருக்கும் கெடா. 2024இல் அந்தமானின் போர்ட் பிளேர் நகரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள் அல்லவா? நடப்பு நிகழ்வு என்று ஒரு வரியாக எழுதிவைத்தால் இரண்டு வாரத்தில் மறந்துவிடும். ராஜேந்திரனோடு சேர்த்து வையுங்கள், நிற்கும்.

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். பொதுப் பிரிவுக்கே 32 வரை, ஆறு முறை எழுதலாம்.

செங்காங்கிலிருந்து ஒரு தாய்: என் மகன் ஆறு வயதிலிருந்து இங்கே வளர்ந்தவன். நாங்கள் நிரந்தரவாசிகள்தான், கடப்பிதழ் இந்தியாவுடையது. இந்தத் தேர்வுக்குப் படிக்கிறான். இரண்டு நாட்டு அரசமைப்பையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறான். அவனுக்கு இது பாதகம்தானே?

இல்லை அம்மா, நான் இதைச் சாதகம் என்றுதான் சொல்வேன். ஒன்றை வைத்து இன்னொன்றைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இங்கே அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறோம். முதல் நேரடித் தேர்தல் 1993இல் நடந்தது. 2023இல் நானும் வரிசையில் நின்று வாக்குப் போட்டேன். இந்தியக் குடியரசுத் தலைவருக்கு நீங்களோ உங்கள் கணவரோ வாக்களித்தது உண்டா? கிடையாது. இந்திய அரசமைப்பின் 54ஆம் பிரிவின்படி நாடாளுமன்ற இரு அவைகளிலும் மாநிலச் சட்டப்பேரவைகளிலும் உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள்தான் வாக்களிப்பார்கள். தில்லி, புதுச்சேரிப் பேரவைகளும் அதில் சேர்த்தி. நியமன உறுப்பினர்களுக்கு வாக்கு இல்லை. துணைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் சட்டமன்றத்தார் கிடையாது, ஆனால் நாடாளுமன்றத்தின் நியமன உறுப்பினர்களுக்கு வாக்கு உண்டு. கேள்வி எடுப்பவர்கள் வலை விரிக்கிற இடம் இது.

ஒன்றை மட்டும் வீட்டில் இப்போதே பேசி முடிவெடுங்கள். ஐஏஎஸ், ஐபிஎஸ், வெளியுறவுப் பணி மூன்றுக்கும் இந்தியக் குடியுரிமை கட்டாயம். இரட்டைக் குடியுரிமை அங்கே இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையை வைத்துக்கொண்டு இந்தப் பணிகளுக்குப் போக முடியாது. சிங்கப்பூர்க் குடியுரிமைக்கு மனுப் போடும் முன் பையனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பூன் லேயிலிருந்து ஒரு வாசகர்: தேர்வை சிங்கப்பூரிலேயே எழுத முடியுமா? தமிழில் எழுதலாமா?

ஊருக்குப் போய்த்தான் எழுத வேண்டும். முதல்நிலைத் தேர்வுக்குச் சென்னை, மதுரை, கோவை, திருச்சி, வேலூர் மையங்கள் உண்டு. முதல்நிலைக் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வரும். முதன்மைத் தேர்வில் விடைகளைத் தமிழில் எழுதலாம். நேர்முகத்தையும் தமிழில் சந்திக்கலாம்.

ஈசூனிலிருந்து ஒரு வாசகி: மாதிரித் தேர்வில் தெரியாதவற்றை எல்லாம் விட்டுவிட்டேன், மதிப்பெண் போதவில்லை. அடுத்ததில் எல்லாவற்றையும் ஊகித்தேன், அப்போதும் போதவில்லை. என்ன செய்ய?

முதல்நிலைத் தேர்வின் முதல் தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண். சரிக்கு 2, தவறுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போகும். கொடுத்த நாலு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால், சராசரியாக வருவதும் போவதும் சரியாகிவிடும். ஆனால் இரண்டைத் தவறு என்று அடித்துவிட முடிந்தால், மிச்சம் இரண்டில் ஒன்றைத் துணிந்து தொடுங்கள் தங்கச்சி. கணக்கு உங்கள் பக்கம்.

அடிப்பது எப்படி? எங்கள் புளோக்கின் கீழே, சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசையில் ஞாயிறு மாலை ஏழெட்டுப் பேர் உட்காருகிறோம். போன வாரம் போட்ட கேள்வி: நீரிணைக் குடியேற்றங்கள் பற்றி, ஒன்று, 1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் சேர்த்து உருவானது. இரண்டு, தொடக்கத்திலிருந்தே லண்டனின் குடியேற்ற அலுவலகம் அதை நேரடியாக ஆண்டது. மூன்று, 1867இல் அரச குடியேற்றமானது. விடுதியிலிருந்து வரும் ஒரு தம்பிக்கு ஆண்டு எதுவும் தெரியவில்லை. ஆனால் அவர் சொன்னார்: “இங்கே கோயிலும் தேவாலயமும் கட்ட இந்தியாவிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்தார்கள் என்று படித்தேன். அப்படியென்றால் ஆட்சி இந்தியாவிலிருந்துதானே நடந்திருக்கும்? இரண்டாவது தப்பு.” எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கிழக்கிந்தியக் கும்பினியின் கல்கத்தா ஆட்சி வழியாகத்தான் இந்த ஊர் வெகுகாலம் நடந்தது. இரண்டாவது போனதும் அது இருக்கிற விடைகள் எல்லாம் போயின.

‘தொடக்கத்திலிருந்தே’, ‘எவரும்’ போன்ற சொல் வந்தால் தப்பு என்று குறித்துவிடும் வழக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். “குடியரசுத் தலைவர் தேர்தலில் நியமன உறுப்பினர் எவருக்கும் வாக்கில்லை” என்பதும் அந்த மாதிரி வாக்கியம்தான். ஆனால் சரி.

வரும் ஞாயிறு கல்மேசையை விட்டுவிட்டு பாடாங் திடலுக்குப் போகிறோம். 1943 ஜூலை 5 அன்று நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்ட இடம். வர முடியாதவர்களுக்கு ஒரு கேள்வி: 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் கிளர்ந்தெழுந்த இந்தியப் படைப்பிரிவு எது, அவர்கள் காதுக்குச் செய்தி கொண்டுவந்த, ஆங்கிலேயரை எதிர்த்த கதர் (Ghadar) இயக்கம் எந்த நாட்டில் தொடங்கியது? விடையோடு, எப்படி அங்கே போய்ச் சேர்ந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.