பேசிக்கொண்டே ஓடுகிறேன், வாட்ச் 172 காட்டுகிறதே?

கேள்வி: வயது 44, எடை 78 கிலோ. பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். சில மாதங்களாகக் கப்பன் பார்க்கில் காலையில் ஓடுகிறேன். ஜி.பி.எஸ். வாட்ச் ஒன்று வாங்கினேன். நண்பரோடு பேசிக்கொண்டே மெதுவாக ஓடும்போதுகூட ஹார்ட் ரேட் 172 என்கிறது. ஒரே சுற்றை ஒரு நாள் 5.1 கி.மீ. என்கிறது, மறுநாள் 5.4 என்கிறது. வி.ஓ.2 மேக்ஸ் 41-இல் இருந்து 36-க்கு இறங்கிவிட்டது. பயிற்சியால் பலனில்லை என்று வேறு எழுதிக் காட்டுகிறது. எனக்கோ முன்பைவிட ஓட்டம் சுலபமாக இருக்கிறது. 10கே போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். வாட்ச் பழுதா, நான் பழுதா? வேறு வாட்ச் வாங்கலாமா?

பதில்: வாட்ச் வாங்க வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே துப்பு இருக்கிறது: “பேசிக்கொண்டே” என்று எழுதியிருக்கிறீர்கள். 220-இல் வயதைக் கழிக்கும் பழைய கணக்குப்படி உங்கள் உச்ச இதயத் துடிப்பு 176. நிஜமாகவே 172-இல் ஓடிக்கொண்டிருந்தால் நண்பரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடியாது. “ம்” கொட்டுவதே பெரிய காரியம். ஆகவே இரண்டில் ஒன்று தவறு. ஒன்று, 176 உங்களுக்குப் பொருந்தாத எண். அல்லது, 172 உங்கள் இதயத்தின் எண்ணே அல்ல. நான் முதலில் சந்தேகப்படுவது இரண்டாவதைத்தான்.

மணிக்கட்டு வாட்ச் இதயத்தைக் கேட்பதில்லை. அடியில் பச்சை விளக்கு எரிகிறதே, அந்த ஒளியை ரத்தம் உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தத்தின் அளவு கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் ஹார்ட் ரேட் சொல்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது இது நன்றாகவே வேலை செய்யும். ஓடும்போது கை ஆடுகிறது, வாட்ச் தோலில் தட்டுகிறது, உள்ளே ரத்தமும் அந்த ஆட்டத்துக்கு ஏற்பக் குலுங்குகிறது. காலடி விழும் தாளத்துக்கும் ஒளி கூடிக் குறையும். நம்மைப் போன்றவர்கள் ஓடும்போது நிமிடத்துக்கு 160, 170 அடி வைப்பது சாதாரணம். வாட்சுக்குள் இருக்கும் மென்பொருள் எந்தத் தாளம் பலமாகத் தெரிகிறதோ அதைப் பிடித்துக்கொண்டுவிட்டால், நீங்கள் பார்ப்பது துடிப்பை அல்ல, உங்கள் காலடி எண்ணிக்கையை. இதற்கு ஓட்டக்காரர்களிடம் ‘கேடன்ஸ் லாக்’ என்று பெயர்.

கண்டுபிடிப்பது எளிது. போன் செயலியில் கடைசி ஓட்டத்தைத் திறந்து, ஹார்ட் ரேட் கோட்டையும் கேடன்ஸ் (நிமிடத்துக்கான காலடி எண்ணிக்கை) கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். நிஜத் துடிப்பு ஓட்டம் தொடங்கிய பிறகு சில நிமிடங்கள் எடுத்துக்கொண்டு சரிவாக ஏறும். மேட்டில் கூடும், இறக்கத்தில் குறையும். உங்கள் கோடு ஒரு நிமிடத்துக்குள் 105-இல் இருந்து 170-க்குத் தாவி, பிறகு பலகை போல் நேராகவே போய், கேடன்ஸ் கோட்டை ஒட்டிக்கொண்டே இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. சில செயலிகள் இரண்டு காலையும் சேர்த்து எண்ணாமல் ஒரு காலை மட்டும் எண்ணி 85 என்று காட்டும். அப்படியானால் இரட்டிப்பாக்கிப் பாருங்கள்.

இன்னும் நம்பகமானது விரல். வாட்ச் 172 காட்டும் நேரத்தில் சட்டென்று நின்று, கழுத்தில் தாடைக்குக் கீழே இரண்டு விரலை மெல்ல வைத்து 15 விநாடி பல்ஸ் எண்ணி நான்கால் பெருக்குங்கள். 34 வந்தால் 136. நின்றவுடனே துடிப்பு இறங்கத் தொடங்கிவிடும், ஆகையால் முழு நிமிடம் எண்ணினால் கணக்கு கெடும். ஒருவேளை விரல் எண்ணும்போதும் 43 வருகிறது, அதுவும் பேசிக்கொண்டு ஓடும் வேகத்தில், பல நாள் தொடர்ந்து வருகிறது என்றால் அது என் வேலை இல்லை, இதய மருத்துவரின் வேலை. போட்டிக்கு முன் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். ஓடும்போது நெஞ்சில் இறுக்கமோ, தலைச்சுற்றலோ, தாறுமாறான படபடப்போ வந்தால் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

கேடன்ஸ் லாக் என்று உறுதியானால் முதல் வைத்தியத்துக்குச் செலவில்லை. வாட்சை மணிக்கட்டு எலும்பின்மேல் வளையல் மாதிரி தொங்க விடாமல், எலும்புக்கு இரண்டு விரல்கடை மேலே ஏற்றி, ஓடும்போது மட்டும் ஒரு துளை கூடுதலாக இறுக்குங்கள். டிசம்பர், ஜனவரிக் காலையில் இந்த ஊரில் கை விரைத்துவிடும். குளிரில் தோலுக்கு வரும் ரத்தம் குறைவதால் வாட்ச் திணறும். பத்து நிமிடம் வேகமாக நடந்து, கை சூடான பிறகு பதிவைத் தொடங்குங்கள். அப்படியும் அடங்கவில்லை என்றால் மார்பில் கட்டும் ஸ்ட்ராப் ஒன்று வாங்குங்கள். அது ஒளியை நம்பாமல் இதயத்தின் மின் துடிப்பையே பிடிக்கிறது. ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-இலேயே கம்பியில்லாத முறையில் இதைக் கொண்டுவந்துவிட்டது. ஓட்டத்துக்கு இன்றும் மணிக்கட்டை விட மார்புதான் நம்பகம். கட்டுவதற்கு முன் உட்பக்கப் பட்டையைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். காய்ந்த பட்டையைக் கட்டிக்கொண்டு, ‘இதுவும் 190 காட்டுகிறது’ என்று வருகிறவர்கள் நிறைய.

இப்போது வி.ஓ.2 மேக்ஸ். உங்கள் முதல் புகாரும் மூன்றாவது புகாரும் ஒரே நோய்தான். உடல் ஒரு நிமிடத்தில், ஒரு கிலோ எடைக்கு, அதிகபட்சம் எத்தனை மில்லி ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதுதான் அந்த எண். பரிசோதனைக்கூடத்தில் டிரெட்மில்லில் முகமூடி மாட்டி, மூச்சை அளந்து, இனி முடியாது என்னும்வரை ஓடவைத்துக் கண்டுபிடிப்பார்கள். வாட்சிடம் முகமூடி இல்லை. இந்த வேகத்தில் ஓட இவருக்கு உச்சத் துடிப்பில் எத்தனை பங்கு தேவைப்படுகிறது என்று பார்த்து ஊகிக்கிறது. 136 என்ற இடத்தில் 172 என்று கேள்விப்பட்டால், ‘ஐயோ, ஒரு கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் எடுக்கும் ஆமை வேகத்துக்கே இவர் உயிர் போகிறதே’ என்று முடிவு கட்டி மதிப்பெண்ணைக் குறைத்துவிடும். பலனில்லை என்ற தீர்ப்பும் அதே பொய்ச் சாட்சியை வைத்து எழுதியதுதான்.

சரி செய்ய இன்னும் இரண்டு இடம் பாக்கி. ஒன்று, வாட்சில் பதிவாகியிருக்கும் உங்கள் எடையும் உச்சத் துடிப்பும். 220 கழித்தல் வயது என்பது கூட்டத்துக்கான சராசரி. ஒரே வயதுக்காரர்களில் ஒருவருக்கு அதைவிட 10, 12 கூடுதலாகவும் இன்னொருவருக்கு அதே அளவு குறைவாகவும் இருப்பது சகஜம். 2001-இல் வெளியான தனாகா சூத்திரம் (208-இல் இருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்க வேண்டும்) உங்களுக்கு 177 தருகிறது, 40 வயதை ஒட்டி இரண்டு சூத்திரமும் ஒன்றாகிவிடுவதால் அது உதவாது. ஸ்ட்ராப் கட்டிக்கொண்டு என்றாவது ஒரு 5 கி.மீ. ஓட்டத்தின் கடைசிக் கிலோமீட்டரை முழு மூச்சாக முடித்தால், அன்று தெரியும் உச்ச எண் சூத்திரத்தை விட உங்களுக்கு நெருக்கமானது. பல மாத அடித்தளமும், மருத்துவர் தடை ஏதும் சொல்லாத உடம்பும் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் எந்தச் சூத்திரமும் வேண்டாம். அவை துடிப்பையே கட்டிப்போடும்.

இன்னொன்று வெயில். ஜனவரியில் சில்லென்று ஓடிய அதே வேகத்துக்கு ஏப்ரலில் துடிப்பு கூடுதலாகத்தான் இருக்கும், ஏனென்றால் உடலைக் குளிர்விக்கவும் இதயமே தோலுக்கு ரத்தம் அனுப்ப வேண்டும். சென்னைக்குப் போய் மெரினாவில் ஒரு காலை ஓடிப்பாருங்கள், பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருப்பதன் சிறு பாதகம் அங்கே நீங்கினாலும் புழுக்கம் உங்கள் மதிப்பெண்ணைக் கீழே தள்ளிவிடும். விடுமுறை முடிந்து வந்ததும் ‘ஃபிட்னஸ் போச்சு’ என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் கதை இதுதான்.

வாட்சின் வி.ஓ.2 மேக்ஸை ஒத்துப்பார்க்க, அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு ஓட வேண்டும். மீட்டரில் வரும் தூரத்தில் 504.9-ஐக் கழித்து 44.73-ஆல் வகுக்க வேண்டும். 2,200 மீட்டர் ஓடினால் சுமார் 38. இதுவும் ஊகம்தான், ஆனால் இதில் மணிக்கட்டுக்கு வேலை இல்லை.

அடுத்து தூரம். கப்பன் பார்க்கின் மர நிழல்தான் அங்கே ஓட வருவதற்கே காரணம், ஜி.பி.எஸ்.ஸுக்கு அதே நிழல்தான் எதிரி. சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் சன்னமான ரேடியோ அலை இலையில் மங்கி, கட்டடத்தில் பட்டுத் திரும்பி வந்தால், வாட்ச் உங்களைச் சில மீட்டர் தள்ளி வைத்துவிடும். அந்தச் சில மீட்டர் வளைவுகள் சேர்ந்துதான் 5.1, 5.4 வித்தியாசம். இந்திராநகர் சி.எம்.ஹெச். ரோட்டில் மெட்ரோ பாலத்தின் அடியில் ஓடினால் இன்னும் வேடிக்கை: வரைபடத்தில் கடைகளுக்குள் புகுந்து புறப்பட்டிருப்பீர்கள். அமைப்பில் ‘ஒவ்வொரு விநாடியும் பதிவு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரட்டை அலைவரிசை வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், பேட்டரி சீக்கிரம் தீரும், பரவாயில்லை. திறந்தவெளியில் நின்று செயற்கைக்கோள் பிடித்த பிறகு ஸ்டார்ட் அழுத்துங்கள். கண்டீரவா மாதிரி 400 மீட்டர் டிராக்கில் ஓட அனுமதி கிடைத்தால், ஒன்றாம் லேனில் ஐந்து சுற்று ஓடி 2 கி.மீ.க்கு எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். எட்டாம் லேனில் ஓடிவிட்டு வாட்சைத் திட்டாதீர்கள், அங்கே ஒரு சுற்று ஏறக்குறைய 453 மீட்டர்.

கலோரி எண்ணைப் பார்த்து மசால் தோசை ஆர்டர் செய்ய வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017-இல் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்ததில், மிக நல்ல கருவிகூடக் கலோரியில் சராசரியாக 27 சதவீதம் தவறியது. கிலோ எடைக்கு, கிலோமீட்டருக்கு ஒரு கலோரி என்ற மனக்கணக்கே போதும். தூக்க மதிப்பெண்ணை நான் பார்ப்பதே இல்லை.

நான் பார்க்கச் சொல்வது இரண்டு. காலையில் எழுந்ததும் இருக்கும் ஓய்வுத் துடிப்பு: வழக்கமாக 60 என்றால், ஒரு நாள் 67 காட்டும்போது தூக்கமோ காய்ச்சலோ ஏதோ சரியில்லை, அன்று நடையோடு நிறுத்துங்கள். மற்றொன்று மாதம் ஒருமுறை, அதே சுற்று, அதே நேரம், ஸ்ட்ராப் கட்டி, துடிப்பு 135 முதல் 140-க்குள்ளேயே இருக்கும்படி ஓடி, எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதிவையுங்கள். சுற்றுக்கு 40 நிமிடம் ஆனது 38 ஆனால் நீங்கள் தேறியிருக்கிறீர்கள், வாட்ச் என்ன சொன்னாலும்.

போட்டி நாளுக்கு ஒரு தந்திரம். சான்றளிக்கப்பட்ட பாதையை மிகக் குறுகிய வழியில், வளைவின் உள்ளோரத்தை ஒட்டி அளந்திருப்பார்கள். கூட்டத்தில் நீங்கள் வளைந்து வளைந்துதான் ஓடுவீர்கள், ஜி.பி.எஸ். வேறு கொஞ்சம் கூட்டும். முடிவுக்கோட்டில் வாட்ச் 10.15 கி.மீ. காட்டினால் அதிசயமில்லை. 70 நிமிடம் இலக்கு என்றால் வாட்சில் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்று ஓடினால் தவறவிடுவீர்கள். 6 நிமிடம் 53 விநாடி தேவை. ஆட்டோ லேப்பை (வாட்ச் தன் கணக்குப்படி கிலோமீட்டரைத் தானாகவே பிரித்துக் குறிப்பதை) அணைத்துவிட்டு, சாலையோரக் கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போதெல்லாம் லேப் பட்டனை நீங்களே அழுத்துங்கள். தொடுதிரையைப் பூட்டி வையுங்கள், வியர்வை பட்டு ஏழாவது கிலோமீட்டரில் பதிவு நின்றுபோனவர்களை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கிறேன்.